உருகாத பனி

இல்யாஸின் கண்ணிமைகளில் ஒட்டியிருந்த பனி உருகவேயில்லை.

நெரிமான் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வயதுப் பயல், வெளியே ஆட்டம் போட்டுவிட்டு வந்து அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான், இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரைந்து மூக்கு வழியாக ஒழுகப்போகிறது என்று நினைத்தபடியே, இரும்பு அடுப்புக்குள் இன்னொரு வறட்டியைச் செருகிவிட்டுத் தேநீர்க் கெண்டியின் பக்கம் திரும்பினாள். வறட்டிப் புகையும் கொதிக்கும் தேயிலையும் கலந்த வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது.

துருக்கியின் எர்சுரும் மாகாணமெங்கும் பள்ளிகளுக்கு விடுமுறை என்று காலையில் தொலைக்காட்சியில் சொன்னதும் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைகால் புரியவில்லை. அக்கா ஸெலிஹாவுக்குக் கணக்குப் பரீட்சையிலிருந்து விடுதலை. பல் கூடத் துலக்காமல், வீட்டுக்குப் பின்னால் குவிந்திருந்த பனியில் குகை தோண்டப் போய்விட்டார்கள். ராத்திரியெல்லாம் கொட்டிய பனியின் கனத்தில் கூரை முனகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒருநாள் விட்டால் தலையில் இறங்கிவிடும் என்று நெரிமானின் கணவன் ஹைதர் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினான்.

கூரைப் பனியைத் தள்ளுகிறவன் கீழே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டிலிருப்பவர் பதில் சொன்ன பிறகே தள்ள வேண்டும். அந்த மலைக் கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த முறை.

"பின்பக்கம் யாராச்சும் இருக்காங்களா?"

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்து பிள்ளைகள் இருவரும் உள்ளே வந்திருந்தார்கள்.

"ரெண்டும் உள்ள வந்துடுச்சுங்க. நீ தள்ளு. கூடவே நீயும் விழுந்து வைக்காத, தூக்கிவிட ஊர்ல ஆள் இல்ல."

மேலே ஹைதர் சிரித்தான். பிறகு பின்சுவருக்கு அப்பால் பெரிய பாரம் ஒன்று சரிந்து விழுந்தது. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

நெரிமான் தேநீரை ஊற்றி, பக்கத்தில் சர்க்கரைக் கட்டிகளை வைத்தாள். கட்டியைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு தேநீரை உறிஞ்சுவதில் இல்யாஸுக்கு அப்படியொரு ஆசை. அக்காவின் பங்கையும் திருடித் தின்பான். இன்று கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை.

"என்னடா, உம்முனு இருக்கே? ஒருநாள் லீவு பத்தலையா?"

இருவரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள். ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்தாள். சில்லென்று இல்லை, சூடாகவும் இல்லை. காய்ந்த சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் தரையைப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கதவோரம் அவளுடைய பூட்ஸ் மட்டும் கிடந்தது.

"ஸெலிஹா, உங்க பூட்ஸ் எங்கம்மா?"

ஸெலிஹா விரலை நீட்டிப் பின்சுவரைக் காட்டினாள்.

நெரிமான் பின்சுவரை நெருங்கினாள். சுவரில் காதை வைத்தாள். கல்லுக்கு அப்பால், மிகவும் கீழே, யாரோ தட்டினார்கள். நின்றது. மறுபடி தட்டினார்கள். பிறகு, போர்வைக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல ஒரு குரல்.

"அம்மா."

தள்ளச் சொன்னது அவள்தான். அவள் வாய்தான்.

பூட்ஸைக் கூட மாட்டவில்லை. வெறும் காலுறையோடு வீட்டைச் சுற்றி ஓடினாள். பனிப்புயல் எழுந்திருந்தது, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. குகை இருந்த இடத்தில் இடுப்புயரக் குவியல். மண்டியிட்டாள். வெறுங்கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. தோண்டினாள்.

"ஹைதர்! கீழ வா! பசங்க இதுக்குள்ள இருக்காங்க!"

காற்று அவள் குரலை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது.

சிவப்பு நூல் தெரிந்தது. அவள் பின்னிய கையுறை. அதைப் பிடித்தாள். உள்ளே விரல்கள் அசைந்தன. அவள் சுட்டுவிரலைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டன. உயிர் இருக்கிறது. பிள்ளைக்கு உயிர் இருக்கிறது.

இழுத்தாள். வரவில்லை. மேலிருந்து பனி சரிந்து மணிக்கட்டு வரை மூடியது. கையை விட்டால் இடம் தெரியாமல் போய்விடும். ஒற்றைக் கையால் தோண்டித் தீராது. இரண்டாள் வேண்டும். மண்வாரி வேண்டும்.

கூரையில் ஹைதரின் காலடி வீட்டின் முன்பக்கம் போனது.

"நெரிமான், டீ ஆச்சா?"

"எப்பவோ ஆச்சு. ஆறிப்போவுது, வா."

வீட்டுக்குள்ளிருந்து வந்த பதில். அவளுடைய குரல். அதே இழுப்பு.

ஏணி கிறீச்சிட்டது. கதவு திறந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

"நான் இங்க இருக்கேன்! ஹைதர், நான் இங்க!"

பின்ஜன்னல் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு கையால் கையுறையைப் பிடித்துக்கொண்டு உடம்பை நீட்டி, மறுகையால் கண்ணாடியை அறைந்தாள். உள்ளே மஞ்சள் வெளிச்சம். ஹைதர் அடுப்பின் அருகே சம்மணமிட்டு உட்கார்ந்தான். இல்யாஸ் அவன் மடியில் ஏறிக்கொண்டான். ஸெலிஹா அவன் தோளில் சாய்ந்தாள். நெரிமானின் பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்த ஒருத்தி, முதுகைக் காட்டியபடி அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.

சத்தம் கேட்டு ஹைதர் ஜன்னல் பக்கம் நிமிர்ந்தான். கண்ணைச் சுருக்கினான்.

"காத்துதான்," என்றது அவள் குரல். அந்த ஒருத்தி எழுந்து வந்தாள். திரையை இழுத்து மூடினாள்.

நெரிமான் அறைந்துகொண்டேயிருந்தாள். உள்ளே ஹைதர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தான்.

பனிக்குள், அவள் சுட்டுவிரலைப் பற்றியிருந்த சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தன.