நீர் தெளிந்தபோது

வாளியில் கரைக்கும்போது கண்ணைக் கரித்து, மூக்கை அறுத்து, தொண்டைவரை எரித்த பிளீச்சிங் பவுடர், துரை பங்களாவின் புது நீச்சல் குளத்தில் விழுந்ததும் வாடையே இல்லாமல் அடங்கிப் போயிற்று. தேவகனி குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆற்றிலிருந்து திருப்பிவிட்ட நீர் செங்கலங்கலாகக் கிடந்தது. குலசேகரத்து மலையடிவாரத்தில் வெயில் தாழ்ந்து, ரப்பர் மரங்களின் நிழல் அதன்மேல் கனமாகப் படிந்திருந்தது.

"நேத்து மண்ணு வார மடைக்குள்ள இறங்கினவிய, இன்னும் வீட்டுக்கு வரல்லியே ஐயா," என்றாள் அவள்.

"ஏசுஅடிமைய வடசேரிக்குச் சுண்ணாம்பு எடுக்க விட்டேன்னு சொன்னேன்லா," என்றார் மேஸ்திரி குமாரதாஸ். "துரைக்க பிள்ளைய நாளைக்குக் குளிக்கணும். பவுடரக் கலக்குட்டி."

குளத்து நீரை வடிக்கத் தரைக்கடியில் ஆள் ஊர்ந்து போகுமளவு ஒரு மடை இருந்தது. குளத்தின் அடியில் அதன் வாய்க்கு இரும்புக் கம்பிகளால் அழி போட்டிருந்தார்கள். நேற்று அவள் புருஷன் மறுமுனை வழியாக உள்ளே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. அந்த முனையை அடைத்து, அன்றைக்கே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அதற்குமேல் நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கலங்கல் தெளியப் படிகாரத்தைத் துணியில் கட்டி, கரையில் குனிந்து நீரில் அளைந்தாள்.

உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ தட்டியது. டொக்.

"குழாயில காத்து," என்றார் குமாரதாஸ். அவள் எதுவும் கேட்டிருக்கவேயில்லை.

மறுநாள் காலையில் மண் அடங்கியிருந்தது. மேலாக மிதந்த பாசியை வழிக்க அவள் நின்றாள். முதலில் படிகள் தெரிந்தன. பிறகு சுவர். பிறகு தரை.

கடைசியாக அழி.

கம்பிகளுக்கிடையே விரல்கள். கீழிருந்து பற்றியிருந்தன. வெந்து, ஊறி, வெளுத்து, நகம் எது சதை எது என்று தெரியாமல்.

தேவகனி மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள். அவரும் அந்த அழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் திகைப்பு இல்லை.

பங்களாப் படிகளில் துரையின் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள்.

"இன்னும் ஒரு வாளி போடு," என்றார் குமாரதாஸ் தணிந்த குரலில்.

அவள் அசையவில்லை. அவரே வாளியைப் பிடுங்கி அழிக்கு நேராகக் கவிழ்த்தார்.

தூள் வெண்புகையாக இறங்கியது. மெல்ல. கம்பியைத் தொட்டது.

விரல்கள் துடித்தன. ஒவ்வொன்றாக, சூடு பட்ட குழந்தையின் கைபோல, உள்ளே இழுத்துக்கொண்டன.

பிறகு வந்தன. முன்னைவிட இறுக்கமாகக் கம்பியைப் பிடித்தன.