பாதி தேய்த்த சட்டை

காய்கறிக் கடையின் மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. "அப்பாடா, கரண்ட் வந்தாச்சு," என்றார் கடைக்காரர். வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் முகத்தைக் காற்றுக்குக் காட்டினார்கள்.

அம்மாவின் அருகில் கூடையோடு நின்ற சிறுமி மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கரண்ட் போனபோது அம்மா அவளுடைய பள்ளிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதிச் சட்டையிலேயே போய்விட்டதே என்று அலுத்துக்கொண்டு, அதற்குள் கடைக்குப் போய் வந்துவிடலாம் என்று கிளம்பினாள். இஸ்திரிப் பெட்டி சட்டையின்மேல் அப்படியே கிடந்தது. சுவிட்ச்? அம்மா அதன் பக்கம் போனதாகவே நினைவில்லை.

உள்ளறையில், இரவு வேலை முடித்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

சொல்லலாமா? போன வாரம்தான், அடுப்பு எரிகிறது என்று பாதி வழியிலிருந்து அம்மா அப்பா இருவரையும் திருப்பி இழுத்துப் போயிருந்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அவள் 'பயந்தாங்கொள்ளி'. செல்லமாகத்தான் கூப்பிடுகிறார். ஆனாலும் அந்தப் பெயர் சட்டைக்குள் புகுந்த முள் மாதிரி உறுத்தியது.

இன்றைக்கும் ஒன்றுமில்லை என்றால் சிரிப்பார்கள். ஏதாவது இருந்தால்?

"அயர்ன் பாக்ஸை அணைச்சியாம்மா?"

"கரண்டே இல்ல, எதைப் போய் அணைக்கிறது..." என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மாவின் கை தக்காளிமேல் நின்றுவிட்டது.

கூடையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மா ஓடிக்கொண்டே அப்பாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காதருகே மேளம் கொட்டினாலும் அப்பா எழமாட்டார். தினமும் சிரிக்க வைக்கும் விஷயம்தான். இப்போது அவள் அம்மாவை முந்திக்கொண்டு ஓடினாள். தெரு நீண்டுகொண்டே போனது.

கதவைத் திறந்ததும் கருகல் நெடி முகத்தில் அடித்தது. இஸ்திரிப் பெட்டியைச் சுற்றிப் புகை. மேசையில் விரித்திருந்த போர்வையின் ஓரம் சிவப்பாக மினுங்கியது. அம்மா பெட்டியைத் தூக்கப் பாய்ந்தாள்.

"தொடாதம்மா. முதல்ல சுவிட்ச்."

தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகம். வாசலருகே இருந்த சுவிட்சை அணைத்தாள். அம்மா ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டியை நகர்த்திவிட்டு, போர்வையில் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். சிறுமி உள்ளே ஓடி அப்பாவை உலுக்கினாள்.

அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்தார். "என்ன, அடுப்புல எதையாவது கருக்கிட்டீங்களா?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் அச்சில் ஒரு பெரிய ஓட்டை. அப்பா அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். அன்று முழுக்க அவர் மகளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை, அப்பாவுக்கு வேலையில்லாத ஓர் இரவில், அம்மா துணி தேய்க்கும்போது கரண்ட் போனது. யாரும் மெழுகுவர்த்தி தேடவில்லை. ப்ளக்கைப் பிடுங்க அவள் இருட்டில் கையை நீட்டினாள். அங்கே அம்மாவின் கை இருந்தது. அதன்மேல் அப்பாவின் கை.

"யாரு கை இது, இவ்ளோ சில்லுன்னு?" என்றார் அப்பா.

"பயந்தாங்கொள்ளியோடது," என்றாள் அவள்.