சுவரில் முளைத்த மூக்குக்கண்ணாடி

வீட்டில் அவளை எல்லோரும் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று உடைந்துபோன மூன்று கண்ணாடி டம்ளர்களையும் ஒரு மேசை விளக்கையும் கேட்டால் தெரியும். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நல்ல மனசு. கைதான் சும்மா இருக்காது.

அன்று சனிக்கிழமை. அம்மா வேலைக்குப் போய்விட்டாள். அப்பா காலையிலேயே ஒரு பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு மோட்டார், இரண்டு சக்கரம், நீளமான குழாய், அதன் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. விசையை அழுத்தினால் தண்ணீர் சீறிக்கொண்டு பாயும்.

மழைக்காலம் முழுக்க நனைந்து, பாசி பிடித்து, வீட்டின் வெளிச்சுவர் கறுப்பும் பச்சையுமாகக் கிடந்தது. அதை இன்றைக்கே கழுவி முடிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அப்பா முதலில் எல்லா ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினார். காலிங் பெல்லுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டினார்.

"இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டாள் புயல்.

"இந்தத் தண்ணி வர்ற வேகத்துக்கு, சின்ன இடுக்கு இருந்தாலும் வீட்டுக்குள்ள பூந்துடும். அப்புறம் உள்ள இருக்கிறது எல்லாம் ஊறிப்போயிடும்."

"நானும் அடிக்கிறேம்பா!" என்று குதித்தான் ஆறு வயசுத் தம்பி.

"ரெண்டு பேரும் மெஷினைத் தொடக்கூடாது. தூரமா நின்னு பாருங்க. அப்புறம் இன்னொண்ணு. நம்ம பக்கம் மட்டும்தான் கழுவப் போறேன். சாரைக் கேக்காம அவர் சுவத்துல கை வைக்க முடியாது."

சார் என்றால் கணக்கு சார். அது இரட்டை வீடு. ஒரே கூரை, ஒரே நீளச் சுவர். இடது பாதியில் புயல் குடும்பம், வலது பாதியில் கணக்கு சார். புயலின் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற அதே சார்தான்! உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம் உண்டா என்று புயல் அடிக்கடி யோசிப்பாள். வாசலில் நின்று தும்மினால்கூட, "வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

நல்லவேளை, சார் அன்று பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

மதியத்துக்குள் இடது பாதி முக்கால்வாசி வெளுத்துவிட்டது. மூலையில் அழுக்கு போகாத இடத்துக்காக, அப்பா ஊசி மாதிரித் தண்ணீர் பாய்கிற முனையை மாட்டினார். அப்போது பார்த்து உள்ளே அவருடைய போன் அடித்தது.

"இதோ வந்துடறேன். தொடாதே!" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பிடி கீழே கிடந்தது. புயல் அதைப் பார்த்தாள். தொடக்கூடாது என்பது நன்றாகவே தெரியும். ஆனாலும் கை போய்விட்டது.

இரண்டு கையாலும் பிடித்து, விசையை லேசாக அழுத்தினாள். சர்ர்ர்! சாரின் பக்கத்துக் கறுத்த சுவரில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. சாக்பீஸால் போட்டதுபோல அவ்வளவு சுத்தமான கோடு! அதை வளைத்தாள். வட்டம் வந்தது. பக்கத்தில் இன்னொரு வட்டம். நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டதும் அது மூக்குக்கண்ணாடி ஆகிவிட்டது. கண்ணாடி வந்த பிறகு மூக்கு வராமல் இருக்குமா? மூக்கு வந்ததும் அதன் கீழே ஒரு அடர்ந்த மீசையும் வந்தது.

"ஐ! கணக்கு சார்!" என்று தம்பி கைதட்டினான்.

புயல் சட்டென்று பிடியைக் கீழே போட்டாள். சாரின் சுவரிலேயே சாரின் முகம், ஒரு பெரிய தட்டு அளவுக்கு, தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி!

பென்சிலால் வரைந்தால் ரப்பரால் அழிக்கலாம். அழுக்கை அழித்து வரைந்த படத்தை எதைக்கொண்டு அழிப்பது?

அப்பா திரும்பி வருவதற்குள் புயல் படத்துக்கு முன்னால் போய், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன, நல்ல பிள்ளையா நிக்கிறே?" என்றார் அப்பா ஆச்சரியமாக. மூலையைச் சுத்தம் செய்துவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கச் சுவருக்குப் போனார்.

புயல் தொட்டிச் செடியிலிருந்து மண்ணை எடுத்துக் குழைத்துப் படத்தின்மேல் பூசினாள். மண் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. இப்போது சார் மூக்கு ஒழுகுகிற மாதிரி இருந்தார்.

"முன்னைவிட மோசமா இருக்குக்கா," என்றான் தம்பி.

"வாயை மூடு. சார் வந்ததும் எதுவும் சொல்லாதே, சரியா?"

"சரிக்கா. சொல்லவே மாட்டேன்," என்றான். அவன் ஒரு ஓட்டைவாய் என்பது தெருவுக்கே தெரியும்.

மணி மூன்றரை ஆனது. அப்பா வேலையை முடித்து, மெஷினை வாசல் பக்கம் கொண்டு வந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அப்போதும் புயல் படத்தை மறைத்துக்கொண்டுதான் நின்றாள். சார் நாலு மணிக்கு வந்துவிடுவார்.

புயலின் மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. படத்தை அழிக்க முடியாதுதான். ஆனால் சுற்றியிருக்கிற அழுக்கை எல்லாம் கழுவிவிட்டால்? முழுச் சுவரும் வெளுத்துவிட்டால் படம் எங்கே இருக்கும்? யாருக்கும் எதுவும் தெரியாது!

ஓடிப்போய் மோட்டாரைப் போட்டாள். விரிந்து பாய்கிற முனை மாட்டியிருந்தது. பிடியைத் தூக்கிச் சுவரைக் குறிபார்த்தாள். விசையில் விரல் வைத்தபோதுதான் ஜன்னல் கண்ணில் பட்டது.

சாரின் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. மேசைமேல் அடுக்காகக் கணக்குப் பரீட்சை விடைத்தாள்கள். நாற்பது பேருடைய தாள்கள்.

தம்பியும் எட்டிப் பார்த்தான். "அக்கா, உன் பேப்பரும் இருக்குமா?"

"இருக்கும்."

"நீதான் சரியா எழுதலைன்னு அழுதியே. அடிச்சிடு! எல்லாம் நனைஞ்சா உனக்கு மார்க்கே வராது!"

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், புயலுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு முதல் பெஞ்சில் உட்காரும் சோடாபுட்டி ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு மாசம் விளையாடக்கூட வராமல் படித்தவள். மேலே இருப்பது அவளுடைய தாளாகக்கூட இருக்கலாம்.

ஜன்னலை வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தாள். அது கொக்கியில் மாட்டியிருந்தது, அசையவில்லை. மணி மூன்று ஐம்பது. அழுகை அழுகையாக வந்தது.

புயல் மோட்டாரை அணைத்தாள்.

"யாரு மோட்டாரைப் போட்டது?" தலை துவட்டிக்கொண்டே வந்த அப்பா, சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நான்தாம்பா," என்றாள் புயல். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அது பட்டா தோலே பிஞ்சுடும், தெரியுமா?" அப்பாவுக்கு நிஜமாகவே கோபம். "ஐயோ, அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? சரி, வரட்டும். நான் பேசிக்கிறேன்."

"வேண்டாம்பா. வரைஞ்சது நான்தானே. நானே சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு, போய் சாரின் வாசலில் நின்றாள். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

சார் சைக்கிளை நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சுவரிலிருந்த சாரும் அவரைப் பார்த்தார்.

"யார் இது?" என்றார்.

"நீங்கதான் சார்!" என்றான் ஓட்டைவாய்.

"நான்தான் சார் வரைஞ்சேன்," என்றாள் புயல். "முதல்ல வெறும் வட்டம்தான் சார். அப்புறம் கை நிக்கவே இல்லை. நீங்க வர்றதுக்குள்ள சுவர் முழுக்கக் கழுவிடலாம்னு பாத்தேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. உள்ள பேப்பர் இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

சார் ஜன்னலருகே போனார். உள்ளே இருந்த தாள்களைப் பார்த்தார். கீழே கிடந்த குழாயைப் பார்த்தார்.

"உன் பேப்பரும் அந்தக் கட்டுலதான் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்படி எழுதியிருக்கே?"

"அது நனைஞ்சா எனக்கு நல்லதுதான் சார்," என்றாள் புயல் தலையைக் குனிந்துகொண்டு. "ஆனா மத்தவங்க பேப்பரும் இருக்கே."

புயல் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். சாரின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தாள். கோபம் இல்லை, சிரிப்பு! அடக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"ரெண்டு வட்டமும் ஒரே அளவு! நோட்டுல காம்பஸ் வச்சுப் போட்டாலும் உனக்கு முட்டைதானே வரும்? இங்க மட்டும் எப்படி வந்துச்சு?"

"தெரியலை சார்."

"மன்னிச்சுக்கணும் சார்," என்று முன்னால் வந்தார் அப்பா. "அஞ்சு மணி வரைக்கும் மெஷின் இருக்கு. நீங்க சரின்னா உங்க பக்கத்தையும் கழுவிக் குடுத்துடறேன்."

"தாராளமா கழுவுங்க. இருங்க, முதல்ல ஜன்னலைச் சாத்திட்டு வந்துடறேன்."

புயல் சாரின் காலிங் பெல்லுக்குப் பிளாஸ்டிக் சுற்றினாள். மெஷினைத் தொடவில்லை. தண்ணீர் பாய்ந்தது. முதலில் மீசை போனது, பிறகு மூக்கு, கடைசியில் கண்ணாடி. மணி ஐந்தாவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நீளச் சுவர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே வெள்ளையாக நின்றது.

திங்கட்கிழமை வகுப்பில் விடைத்தாள்கள் வந்தன. புயல் பயந்த மாதிரியே குறைந்த மார்க்தான். சோடாபுட்டிக்குத் தொண்ணூற்றெட்டு.

"இன்னைக்கு வட்டம் பத்திப் படிக்கப் போறோம்," என்றார் சார். "காம்பஸ் இல்லாமலே வட்டம் போடுற ஆள் ஒருத்தி இந்த கிளாஸ்ல இருக்கா." சாக்பீஸைப் புயலிடம் நீட்டினார்.

புயல் கரும்பலகைக்குப் போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். அழகான, முழு வட்டம்.

"போதும், போதும்," என்று சார் அவசரமாக சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "பக்கத்துல இன்னொண்ணு போட்டுடாதே!"