இரண்டாவது பிள்ளை ஏறிவிட்டது

மூன்று இருபத்தெட்டுக்குக் கைப்பேசி ஒரு தடவைதான் ஒலிக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை ஒலித்தது.

முதலில் வந்தது வழக்கமான அறிவிப்பு. பள்ளி விட்டு மகள் பேருந்தில் ஏறியதும் செயலி அனுப்புவது. ஆறு வயதுப் பிள்ளையின் சிரித்த முகம், பக்கத்தில் ‘பேருந்தில் ஏறிவிட்டார்’ என்று ஒரு வரி. அடுத்து வந்ததில் முகம் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. ‘டெஸ்ட் டெஸ்ட் பேருந்தில் ஏறிவிட்டார்.’

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த டெஸ்ட்டைப் பெற்றவன் அவன்தான்.

பள்ளிப் பேருந்துகளைக் கண்காணிக்கும் அந்த மென்பொருளைச் செய்கிற நிறுவனத்தில்தான் ஏழு வருஷமாக அவனுக்கு வேலை, வீட்டிலிருந்தபடியே. புதிதாக எதை எழுதினாலும் சோதித்துப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சர்வர் உண்டு. அது படுத்து இரண்டு மாதமாகிறது, எழுப்பிவிட ஆளில்லை. அதனால் ஆளாளுக்கு, நிஜப் பிள்ளைகள் நிஜமாகப் போய்வரும் சர்வரிலேயே கைவைத்துக்கொண்டிருந்தார்கள். கூடாதுதான், ஆனால் வேலை நடந்தாக வேண்டுமே. திங்கட்கிழமை அவனும் புதுப் படிவத்தைச் சோதிக்க ஒரு பொய்ப் பிள்ளையை உண்டாக்கினான்.

அந்தப் படிவம் இருக்கிறதே, அது மனிதனை உயிரோடு தின்பது. பேருந்து போகாத தெருவைக் கொடுத்தால் ஏற்காது, ஆகவே தன் வீட்டு முகவரியையே கொடுத்தான். பிறந்த தேதிக்கு ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தட்டிக்கொண்டே போக வேண்டும். எழுபது தட்டு தட்டி, ஒன்று கூடிப்போனால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு முறை அப்படி ஆனதும் கீழே ஒரு பொத்தான் கண்ணில் பட்டது: ‘இதே வீட்டுப் பிள்ளையின் விவரங்களை நிரப்பவா?’ சனியன் விட்டது என்று அழுத்தினான். மகளின் பிறந்த தேதி, வகுப்பு, இரத்த வகை, அப்பா பெயர், அப்பா கைப்பேசி எண் எல்லாம் மளமளவென்று வந்து உட்கார்ந்தன. பெயரும் படமும்தான் பாக்கி. பெயர் இரண்டு கட்டத்திலும் டெஸ்ட் என்று அடித்தான். படம் இல்லாமல் விடமாட்டேன் என்றது, சாம்பல் நிறச் சதுரம் ஒன்றைக் கொடுத்தான்.

சோதனை முடிந்து அழிக்கப் போனால் அழிக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது. அவனுக்கு உரிமை இல்லையாம். உண்டாக்க உரிமை உண்டு, அழிக்க இல்லை. எந்தப் புண்ணியவான் இப்படி யோசித்தானோ என்று திட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தான்.

இப்போது அந்தப் பதிவைத் திறந்து பார்த்தான். ஏறிய நேரம் மூன்று இருபத்தெட்டு. அட்டை எண் காலி. பள்ளி அடையாள அட்டையைப் பேருந்திலுள்ள கருவியில் வைக்காமல் எந்தப் பிள்ளையும் ஏறியதாகப் பதிவாகாது, டெஸ்ட்டுக்கோ அட்டையே அச்சடிக்கவில்லை. இருக்கை பதினான்கு. மகளுடையது பதின்மூன்று.

மூன்று ஐம்பதுக்குப் பேருந்து வந்து வாசலில் நின்றது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது, ஈரத் தார்ச்சாலையின் வாசனையும் டீசல் புகையும் கலந்து மூக்கில் ஏறின. மகள் பையோடு குதித்து இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பிய பிறகும் பேருந்து கிளம்பவில்லை. கதவு திறந்தபடியே, இன்ஜின் உறுமியபடியே நின்றது. ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், மெதுவாக நடந்து வருகிற யாருக்கோ பொறுத்திருப்பவர் போல. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக, பதிவை அழிக்கச் சொல்லிப் புகார் எழுத உட்கார்ந்தான். புகார் எழுதவும் ஒரு படிவம், அதில் பன்னிரண்டு வகைப் பிரச்சினைகள் இருந்தன, அவனுடையது இல்லை. ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பக்கமும் காலியாகி முதலிலிருந்து கேட்டது. மூன்றாம் முறை பொய்யாக வேறொரு வகையைச் சொல்லி அனுப்பினான். ஐந்து வேலை நாட்களில் பார்க்கப்படும் என்று உடனே பதில் வந்தது. மேலாளரைக் கூப்பிட்டால், ஒரு டெஸ்ட் பதிவுக்கா இவ்வளவு, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தார்.

அன்று மாலை ஓட்டுநர் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“சார், உங்க இன்னொரு பாப்பா எறங்க மாட்டேங்குது. லிஸ்ட்ல ரெண்டு பேரு இருக்கு. நீங்களே ஏறி ஒரு தடவ கூப்பிடுங்க.”

அவன் விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுப் படியேறிப் பார்த்தான். உள்ளே ஈர ரப்பர் வாசனை, அழிப்பான் வாசனை, பிள்ளைகள் மறந்துபோன சாப்பாட்டின் புளித்த வாசனை. எல்லா இருக்கையும் காலி. பதினான்காம் இருக்கையின் ரெக்ஸின் மட்டும் நடுவில் குழிந்திருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அந்தக் குழி மெல்ல மேலெழும்பிச் சமமாயிற்று. ஒன்றுமில்லை என்று ஓட்டுநரிடம் சொல்லி இறங்கினான்.

ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டான், பக்கத்து இருக்கையில் யார் உட்காருகிறார்கள் என்று.

“டெஸ்ட்டு,” என்றாள். “அதுக்கு இன்னும் மூஞ்சி வரலப்பா.”

அவன் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் அந்தக் கட்டத்தைக் காட்டிக் காட்டித்தானே குழந்தை இப்படிப் பேசுகிறது என்றாள். இருக்கலாம் என்று அவனும் சிரித்துவைத்தான்.

வியாழக்கிழமை அவன் வேலை எதுவும் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் மழை சொட்டும் சத்தம், மடிக்கணினியின் விசிறி இரைகிற சத்தம், நடுவில் அவன் விரல் தட்டுகிற சத்தம். டெஸ்ட்டின் பதிவைத் திறந்தான், மூடினான், திறந்தான். அந்தச் சாம்பல் சதுரம் நேற்றுப் போல இல்லை என்று பட்டது. நடுவில் கொஞ்சம் கறுத்திருந்ததா, இல்லை திரையில் தூசியா? துடைத்துப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு வரி: ‘கடைசியாகத் திருத்தியவர்: நீங்கள்.’ பார்த்தாலே திருத்தியதாகக் கணக்கில் வைக்கும் அந்தக் கோளாறு மூன்று வருஷமாக அப்படியே கிடக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. அவனும் கண்டுகொள்ளவில்லை.

அன்று பேருந்திலிருந்து இறங்கியதும் மகள் தானாகவே சொன்னாள். “இன்னிக்கு அதுக்கு மூக்கு வந்துடுச்சுப்பா. என்னோடது மாதிரியே.”

ராத்திரி அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். சாப்பாட்டில் வாசனையே வரவில்லை என்றாள். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மழையில் நனைந்த சளி என்று முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, இன்று பள்ளிக்கு வேண்டாமே என்று ஆரம்பித்தான். மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். வகுப்பில் வாசிப்புத் தேர்வு இருக்கிறது, சளிக்கு மருந்து கொடுத்தாயிற்று, நீங்கள் ஒரு கட்டத்தைப் பார்த்துப் பயந்தால் போதும், பிள்ளையையும் சேர்த்துப் பயமுறுத்தாதீர்கள் என்றாள். அவனுக்கே வெட்கமாகிவிட்டது. தான் எழுதிய பொய்க்குத் தானே பயப்படுவதா? மகளுக்குத் தலைவாரி, அவனே பேருந்தில் ஏற்றிவிட்டான்.

மூன்றே காலுக்கு அலுவலகக் கூட்டம் கணினியில் இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ சொன்னார்கள், மூன்றரைக்கு வாராந்தரச் சுத்திகரிப்பு ஓடும், அதுவரை யாரும் எதையும் மாற்ற வேண்டாம் என்று.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்தச் சுத்திகரிப்பை எழுதியவன் அவன். ஒரே பிள்ளையைப் பெற்றோர் இரண்டு தடவை பதிந்துவிடுகிறார்கள் என்று இரண்டு வருஷம் முன்பு எழுதியது. வீடு ஒன்று, அப்பா ஒன்று, கைப்பேசி எண் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று என்றால் அது ஒரே பிள்ளை. கடைசியாகத் திருத்திய பதிவை வைத்துக்கொள், மற்றதை அழி.

டெஸ்ட்டை அவன் நாலு நாளில் ஐம்பது தடவை திறந்திருப்பான். மகளின் பதிவை அறிவிப்பு வந்தபோது திறந்ததோடு சரி.

நிறுத்தச் சொல்லி மேலாளருக்கு எழுதினான். இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது, அந்த இரண்டு பேரும் கூட்டத்தில் இருந்தார்கள். நிரலை மாற்றி ஏற்றுவதென்றால் நாற்பது நிமிஷம். ஒரே வழிதான் இருந்தது. மகளின் பதிவைக் கடைசியாகத் தொட்டுவிட வேண்டும். திறந்தான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடவுளே, கடவுளே என்று வாய்விட்டே சொன்னான். மூன்று இருபத்துநாலுக்குத் திறந்தது. சிரித்த முகம். ‘கடைசியாகத் திருத்தியவர்: நீங்கள்.’ மடிக்கணினியை மூடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டான். இனி எதையும் தொடக்கூடாது. பார்க்கவே கூடாது.

மூன்று இருபத்தெட்டு. கைப்பேசி ஒலித்தது. இரண்டு தடவை.

சமையலறையிலும் இரண்டு தடவை.

மனைவிக்கும் அந்த அறிவிப்பு போகும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். அதைத் தள்ளிவிட முடியாது, தட்டிப் பதிவைத் திறந்து பார்த்தால்தான் போகும். அப்படித்தான் செய்துவைத்திருந்தார்கள். நாற்காலி சாய்ந்து விழ எழுந்து ஓடினான்.

“தொடாதே,” என்றான்.

அவள் ஈர விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “உங்க டெஸ்ட்டுதாங்க. தொறந்தாதான் தொலையுது இது.”

திறந்திருந்தாள். திரையில் சாம்பல் கட்டம், அதில் ஒரு மூக்கு.

அவள் கையிலிருந்து பிடுங்கினான். மகளின் பெயரைத் தட்டினான். வட்டம். இருபத்தொன்பது. வட்டம். அவள் ஏதோ கேட்டாள். வட்டம். மூன்றரை.

‘அப்படி ஒரு பதிவு இல்லை.’

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான். மழை. யாரும் இல்லை. பள்ளிக்கு அடித்தான், எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். ஓட்டுநரின் எண் செயலிக்குள் இருந்தது, செயலி திறக்கவில்லை. இருபது நிமிஷம் அவன் வாசலில் நனைந்துகொண்டு நின்றான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பேருந்து வந்தது. கதவு திறந்தது.

ஒரு பிள்ளை இறங்கியது. மகளின் சீருடை. மகளின் பை. அவன் வாரிவிட்ட அதே வகிடு. வகிடுக்குக் கீழே வழவழவென்று சாம்பல். நடுவில் மூக்கு.

“வாடா கண்ணு,” என்று பின்னாலிருந்து வந்த மனைவி பையை வாங்கிக்கொண்டாள். அந்தச் சாம்பலைக் கன்னம் என்று நினைத்துத் தடவினாள். “என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நனையுது பாருங்க, தூக்குங்க.”

அவன் பேருந்தின் படியில் கால்வைத்தான். ஓட்டுநர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

“எல்லாரும் எறங்கியாச்சு சார். உங்க வீட்டுக்கு ஒரு பாப்பாதான்.”

உள்ளே எட்டிப் பார்த்தான். காலி. பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தான். பெயர் வரவில்லை. ஆறு வருஷமாகக் கூப்பிட்ட பெயர், நாக்கில் இல்லை. கதவு அவனை வெளியே தள்ளிச் சாத்திக்கொண்டது.

பேருந்து நகர்ந்தபோதுதான் பின்கண்ணாடியைப் பார்த்தான். அங்கே மகள் நின்றாள். இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா, அப்பா என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஓடினான். கால் நகரவில்லை. குனிந்து பார்த்தான். அந்தப் பிள்ளை அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. சில்லென்றிருந்த உடம்பு மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது.

அது முகத்தை நிமிர்த்தியது. மூக்குக்குக் கீழே சாம்பல் பிளந்தது. உதடு வந்தது. விழுந்து பாதி முளைத்த முன்பல் வந்தது.

“அப்பா,” என்றது, அவள் குரலில்.

அவன் நிமிர்ந்து தெருமுனையைப் பார்த்தான். திரும்பிக்கொண்டிருந்த பேருந்தின் கண்ணாடியை அந்தச் சின்னக் கைகள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. கதறிக்கொண்டிருந்த வாய் இப்போது அந்த முகத்தில் இல்லை.