ஆறு நாற்பதுக்கு ஒருவர்

அக்கா அந்த வீட்டுக்குக் குடிபோன மறுநாளே நான் ஏணியும் டிரில் மெஷினுமாகப் போய் இறங்கினேன். தெருவின் கடைசி வீடு அது. அதற்கப்பால் வெறும் புதர்தான். மச்சான் கப்பலில் வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது, திரும்பி வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதுவரை அந்த வீட்டில் அக்காவும் அவளுடைய ஏழு வயது மகளும் மட்டும்தான். அவளை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

என் தொழிலே வீட்டைச் சுற்றி சென்சார் மாட்டுவதுதான். காம்பவுண்டுக்குள் யாராவது கால் வைத்தால் விளக்கு தானாக எரியும், போனில் குரல் வரும். பதினாறு வருடமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் காவல் போட்டவன், சொந்த அக்காவைச் சும்மா விட்டுவிடுவேனா?

"கேமரா மட்டும் வேணாம்டா," என்றாள் அக்கா. "எப்பப் பாத்தாலும் யாரோ என்னையே பாக்கற மாதிரி இருக்கும். ஆள் வந்தா தெரியணும், அவ்வளவுதான்."

"வந்தா மட்டுமில்ல, போனாலும் சொல்ற மாதிரி ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்."

"போறவன் போகட்டும். அதைப் போய் எதுக்கு எங்கிட்ட சொல்லணும்?"

"வந்தவன் போயிட்டானான்னு தெரிய வேண்டாமா? அது தெரியாம நீ எப்படித் தூங்குவ?"

பக்கவாட்டுச் சுவர்களுக்கும் பின்கட்டுக்கும் சாதாரண சென்சார் போதும் என்று முடிவு செய்தேன். பூனை நடந்தால் கத்தாத உயரத்தில் மாட்டினேன். கேட்டிலிருந்து வாசல்வரை ஒரு குறுகலான நடைபாதை, இரண்டு பக்கமும் சுவர். அதற்குத்தான் இரண்டு கண் வைத்த நல்ல சென்சார். எந்தக் கண் முதலில் பார்க்கிறதோ அதை வைத்து ஆள் உள்ளே வருகிறாரா, வெளியே போகிறாரா என்று சொல்லிவிடும்.

வாலு ஏணிக்குக் கீழே நின்று வாய் ஓயாமல் கேள்வி கேட்டாள்.

"இருட்டுல அதுக்கு எப்படி மாமா கண்ணு தெரியும்?"

"அது உருவத்தைப் பாக்காது. உடம்புச் சூடு நகர்றதைத்தான் பாக்கும்."

"சூடே இல்லாம சில்லுனு ஒண்ணு வந்தா?"

"அதையும் கண்டுபிடிச்சிடும். சுத்தி இருக்கறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் இருந்தா போதும், வாலு."

வீட்டுக்குள் சாமான்கள் இன்னும் வந்து சேரவில்லை. பெரிய கூடம் வெறுமையாகக் கிடந்தது. நான் சுவரில் துளை போட்டபோது அந்தச் சத்தம் கூடம் முழுக்க மோதித் திரும்பியது. வாலுவுக்கு அது ஒரே கொண்டாட்டம். கூடத்தின் நடுவில் நின்று "மாமா" என்று கத்துவாள். கூடமும் "மாமா" என்று கத்தும். அக்கா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாட்டி முடித்ததும் வீட்டுக்காரரையே ஒருமுறை உள்ளே வரச் சொல்லி, ஒருமுறை வெளியே போகச் சொல்லி, போன் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏணியை மடக்குவேன். என்னிடம் வேலை கற்றவர்களை இதற்காகவே திட்டித் தீர்த்திருக்கிறேன். அன்றைக்கு வேறொரு வீட்டிலிருந்து ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது. கையை ஆட்டினேன், விளக்கு எரிந்தது. அக்கா வீடுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அக்கா பல் மருத்துவமனையில் நர்ஸ். மாலையில் வாலுவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கேட்டைத் தாழ்போட்டு, ஆறு மணிக்குத்தான் காவலை ஆன் செய்வாள். அதற்குப் பிறகு இருவரும் வெளியே வருவதில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாள்.

"டேய், உன் மெஷின் உளறுது. நேத்தும் சரி, இன்னிக்கும் சரி, ஆறு நாற்பதுக்கு 'ஒருவர் வெளியே சென்றார்'னு சொல்லுது. ஜன்னல் வழியாப் பாத்தேன். லைட் எரியுது, பாதையில ஒருத்தரும் இல்ல. கேட் தாழ் போட்டது போட்டபடியே இருக்கு."

"மத்த மூணு சென்சாரும்?"

"ஒண்ணும் சொல்லல."

வெயிலில் காய்ந்த சுவர் பொழுது சாயும்போது ஆறும், அதில் சில சமயம் சென்சார் ஏமாந்துபோகும் என்று விளக்கினேன். என் போனிலிருந்தே அதன் உணர்திறனைக் குறைத்தேன். மறுநாளும் ஆறு நாற்பதுக்குச் சொன்னது. இன்னும் குறைத்தேன். அதற்கும் மறுநாள் ஆறு நாற்பதுக்கே சொன்னது.

"வெளியதானே போகுது, அக்கா? போகட்டும் விடு," என்று கேலி செய்தேன். "தினம் ஒண்ணு கிளம்புது. வீடு தானா காலியாகுது பாரு."

அக்காவும் சிரித்தாள். இப்போது நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது. அந்த ஒரு பேச்சில்தான் அவள் தைரியமாக அங்கே இருந்தாள்.

"உன் மருமக புதுசா ஒரு வெளையாட்டு கண்டுபிடிச்சிருக்கா," என்றாள் ஒருநாள். "கூடத்துல நேரா நடக்கறதில்ல. சுவத்தோட ஒட்டிக்கிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டுல போறா. கட்டில்லயும் ஓரத்துல ஒடுங்கித்தான் படுக்கறா. கேட்டா பதிலே இல்ல."

புது வீடு, அப்பாவும் பக்கத்தில் இல்லை, குழந்தை ஏதோ செய்கிறது என்று இரண்டு பேருமாக ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

அறிவிப்புகளின் கணக்கு பதினொன்றைத் தொட்டது. மறுநாள் மாலை நேரில் போனேன். நான் வருவது தெரிந்தும் அக்கா காவலை அணைக்க மறந்திருந்தாள். கேட்டின் கம்பிகளுக்கிடையே கையை நீட்டித் தாழை நீக்கி, பாதையில் நடந்தேன். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. ஜன்னல் திண்டில் இருந்த அக்காவின் போன் பேசியது.

"ஒருவர் வெளியே சென்றார்."

நான் நின்றேன்.

திரும்பிக் கேட்டுக்கு வெளியே போனேன்.

"ஒருவர் உள்ளே வந்தார்."

வேனிலிருந்து ஏணியை எடுத்து வந்து சென்சாரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. சென்சார் இடது சுவரில் இருக்கிறதா, வலது சுவரில் இருக்கிறதா என்று அதற்குச் சொல்வது அந்தச் சுவிட்ச்தான். இடது சுவரில் மீட்டர் பெட்டி இருந்ததால் நான் வலது சுவரில் மாட்டியிருந்தேன். சுவிட்சை மாற்றவில்லை. அதனால் அது எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பதினொன்றும் வெளியே போகவில்லை.

பதினொன்றும் உள்ளே வந்திருக்கின்றன.

இதுவரை ஒன்றுகூட வெளியே போகவில்லை.

ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுவிட்சை வலப்பக்கம் தள்ளினேன். மூடியை அழுத்தி மாட்டினேன். நான் ஏணியில், சென்சாருக்குப் பக்கவாட்டில் இருந்தேன். அதன் பார்வையில் நான் இல்லை. கீழே பாதையில் யாரும் இல்லை. கேட்டை நான்தான் சாத்தியிருந்தேன்.

என் முழங்காலுக்குக் கீழே, ஐஸ்பெட்டியைத் திறந்தது போல ஒரு குளிர் நிதானமாகக் கடந்து போனது.

விளக்கு எரிந்தது.

"ஒருவர் உள்ளே வந்தார்," என்றது போன். மணி ஆறு நாற்பது.

வாசலில் அக்கா கதவைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் அவள் தோளை லேசாகச் சாய்த்து ஒதுங்கினாள், நெரிசலான பஸ்ஸில் ஆளுக்கு வழி விடுவது போல. தான் ஒதுங்கினோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடா, மூஞ்சியெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சு?"

கூடத்துக்குள் நுழைந்தேன். இன்னும் சாமான்கள் அவ்வளவாக இல்லை. மூலையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். இருந்தும் ஃபேன் நின்றுபோன அறையில் நிறையப் பேர் அடைந்து கிடப்பது போன்ற புழுக்க வாடை. காற்று மட்டும் சில்லென்று இருந்தது.

"வாலு," என்று கூப்பிட்டேன்.

குரல் திரும்பவில்லை. துணிமூட்டைகளுக்கு நடுவில் பேசியது போல அங்கேயே அமுங்கியது.

அவள் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தாள். வயிற்றைக்கூட உள்ளே இழுத்துப் பிடித்திருந்தாள்.

"நடுவுல வராதீங்க மாமா," என்றாள் கிசுகிசுப்பாக. "இடிக்கும்."

"யாரும்மா இடிப்பாங்க?"

"தெரியல. முன்னாடியெல்லாம் நடுவுல போகலாம். இப்ப எடமே இல்ல."

சுவரோடு சுவராகப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். அக்காவிடம் ஒன்றும் விளக்கவில்லை. "போனையும் இவ பையையும் எடு, கிளம்பு," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் எதிர்த்துப் பேசவில்லை. பாதையைக் கடக்கும்போது அவள் கையில் போன் சொல்லிக்கொண்டே வந்தது. முதலில் அக்கா, பிறகு வாலு, அவளை இறக்கி முன்னால் விட்டுக் கடைசியாக நான்.

"ஒருவர் வெளியே சென்றார். ஒருவர் வெளியே சென்றார். ஒருவர் வெளியே சென்றார்."

மூன்று. கேட்டுக்கு வெளியே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நான்காவது குரல் வரவில்லை. வேனில் ஏறியதும் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

இருவரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் மாடியில் நான் ஒண்டிக்கட்டையாக இருக்கும் வீடு. வாலு முதல் நாளே கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்துக் கையைக் காலை விரித்தாள். அதைப் பார்த்து அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

அந்தச் சென்சாரைக் கழற்ற நான் போகவில்லை. போனிலிருந்தும் அதை நீக்கவில்லை. தினமும் ஆறு நாற்பதுக்கு "ஒருவர் உள்ளே வந்தார்" என்று என் போன் சொல்லும். அந்தக் குரல் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அக்காவைத் தூங்க வைப்பதற்காகச் சொன்ன பேச்சு என்னையே பிடித்துக்கொண்டது.

பத்தொன்பது நாள் அப்படிப் போனது. ஏற்கெனவே பன்னிரண்டு. மொத்தம் முப்பத்தொன்று.

நேற்று ஆறு நாற்பதுக்குப் போன் பேசியது.

"ஒருவர் வெளியே சென்றார்."

நிற்காமல் சொல்லிக்கொண்டே போனது. அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். நான் விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தொன்றில் நின்றது.

"வீடு காலியாயிடுச்சா?" என்றாள் அக்கா மெதுவாக.

அங்கிருந்து எங்கள் கட்டடத்துக்கு நடந்தால் ஐம்பது நிமிடம். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்தேன். வாலு கூடத்தின் நடுவில் நோட்டுகளைப் பரப்பி, காலை நீட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

எங்கள் படிக்கட்டு விளக்குகளையும் நான்தான் மாட்டினேன். ஆள் ஏறினால் ஒவ்வொரு மாடியாக எரியும். நடந்து பார்த்துச் சரியாகச் சோதித்து மாட்டியவை அவை. ஏழரை மணிக்குக் கதவுக்கு மேலிருந்த கண்ணாடியில் கீழ்த்தளத்து வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. காலடிச் சத்தம் இல்லை.

முதல் மாடி எரிந்தது.

இரண்டாம் மாடி எரிந்தது.

கதவின் அடி இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அது எங்கள் மாடி விளக்கு. அணைய வேண்டிய நேரம் தாண்டியும் அணையவில்லை.

வாலு பென்சிலைக் கீழே வைத்தாள். நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போய், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்களும் அம்மாவும் ஓரமா வந்துடுங்க."

"கதவு பூட்டித்தாம்மா இருக்கு," என்றேன்.

அவள் நீட்டியிருந்த கால்களை மெல்ல மடக்கிக்கொண்டாள்.