சரிவில் நின்ற ரேடியோ வண்டி

அந்த வீட்டில் ஒரு பழைய பச்சை வேன் இருந்தது. வாசலில் ரேடியோ, டிவி கடை. கடையில் அம்மா பழுது பார்ப்பார். அப்பா பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

வேனின் பக்கவாட்டில் ‘வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுக்கப்படும்’ என்று எழுதியிருந்தது. வெயிலிலும் மழையிலும் கடைசி வார்த்தை அழிந்துபோய், ‘வீட்டுக்கே வந்து மாட்டிக்’ என்று மட்டும் மிச்சம் இருந்தது.

“இன்னைக்கு யார் வீட்டுல மாட்டிக்கப் போறீங்க?” என்று தெருவில் எல்லாரும் அப்பாவைக் கேலி செய்வார்கள்.

அவர்களுடைய மகளுக்குப் பத்து வயது. எல்லாரும் அவளை ஆன்டெனா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா ஏதாவது ஒரு வீட்டின் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பும்போது, கீழே டிவி முன்னால் நின்று கத்துவது அவள் வேலை. “வருது… வருது… ஐயோ, போச்சுப்பா!” என்று அவள் கத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

அந்த வாரம் கடலில் பெரிய புயல் அடித்தது. ஊரில் மின்கம்பங்கள் சாய்ந்தன. தொலைபேசி செத்துப்போனது. கடைக்குள் தண்ணீர் புகுந்து, பேட்டரி செல் அடுக்கி வைத்திருந்த பெட்டியெல்லாம் ஊறிப்போனது.

காலையில் மழை நின்றது. ஆனால் கடலுக்குப் போன படகுகள் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

துறைமுகத்துக்குப் போய் வந்த அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். “வேற வேற துறைமுகத்துல ஒதுங்கியிருக்கலாமாம். தகவல் வர வர ரேடியோ செய்தியில சொல்லுவாங்களாம்.”

“கரண்டே இல்லாம எந்த ரேடியோவுல கேக்குறது?” என்றார் அம்மா.

அதற்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரேடியோ கடைக்காரர் வீட்டிலாவது ஒரு ரேடியோ பாடாதா என்ற நம்பிக்கையில் வந்தவர்கள். ஆன்டெனாவின் வகுப்புத் தோழி குருவியும் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘காலைக்காற்று’ என்ற படகில் போயிருந்தார் அவள் அப்பா.

“அண்ணே, எப்படியாவது பாருங்கண்ணே,” என்றார் குருவியின் அம்மா.

அப்பா அலமாரியைப் பார்த்தார். வரிசை வரிசையாக ரேடியோக்கள். எல்லாமே மின்சாரம் கேட்பவை.

குருவி அழவில்லை. அவள் எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவள். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் ஆன்டெனாவால் பார்க்க முடியவில்லை. அவள் பார்வை அம்மாவின் வேலை மேஜைக்குப் போனது. அங்கே ஒரு சின்னப் பெட்டி பழுது நீங்கித் தயாராக இருந்தது.

“அம்மா, அது பஸ்காரர் குடுத்த ரேடியோதானே?”

“ஆமா. ஏன்?”

“அது பஸ்ஸுக்குள்ள எப்படிப் பாடுது? பஸ்ஸுக்கு யாரும் கரண்ட் கம்பி இழுக்கலையே?”

“பஸ்ஸோட பேட்டரியில…” என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தினார். வாசலில் நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தார்.

“நம்மளதும் வண்டிதானேம்மா?”

அம்மா அந்த ரேடியோவையும் ஸ்குரூ டிரைவரையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் வேனுக்குள் ரேடியோ உயிர் பெற்றது. ஆனால் தெரு பள்ளத்தில் இருந்ததால் வெறும் இரைச்சல்தான் வந்தது. “மேட்டுக்குப் போயிடலாம், ஏறுங்க!” என்றார் அப்பா. வேன் உறுமிக்கொண்டு பள்ளிக்கூடச் சரிவில் ஏறியது. பின்னாலேயே எல்லாரும் நடந்தார்கள்.

சரிவின் உச்சியில் வண்டியைக் கீழ்ப்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அப்பா கூரைமேல் ஏறி, ஒரு நீளக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

“சொல்லுடா ஆன்டெனா!”

“இல்லப்பா… இன்னும் கொஞ்சம்… போச்சு! பழைய இடத்துக்கே வாங்க… வந்துடுச்சு! அசையாதீங்க!”

“மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்கலாமா?” என்று மேலேயிருந்து கேட்டார் அப்பா.

“கூடாது!” என்றது மொத்தக் கூட்டமும்.

செய்தி ஆரம்பித்தது. கரை சேர்ந்த படகுகளின் பெயர்களை ஒரு பெண் குரல் நிதானமாக வாசித்தது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு குரல் விம்மி வெடித்தது. ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் முகம் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தார். பெயர் வந்த குடும்பங்கள் வீட்டில் சொல்லக் கீழே ஓடின.

செய்தி முடிந்தபோது சரிவு வெறிச்சோடியிருந்தது. குருவியும் அவள் அம்மாவும் நின்றார்கள். தள்ளி, தனியாக, ஐஸ்கார அக்கா நின்றார். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். அவருக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் ‘வெண்ணிலா’ படகில் போயிருந்தான்.

அப்பா கீழே இறங்கி, அம்மாவிடம் மெல்லப் பேசினார். “பழைய பேட்டரி. இப்படியே ஓடவிட்டா, அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எல்லாரையும் கீழே கூட்டிட்டுப் போயிடலாமா?”

அது ஆன்டெனாவின் காதில் விழுந்தது. அவள் குருவியைப் பார்த்தாள். பிறகு வண்டி நின்ற இடத்தைப் பார்த்தாள்.

“அப்பா, வண்டி சரிவுலதானே நிக்குது? பேட்டரி போனாப் போகட்டும். தள்ளிவிட்டா ஸ்டார்ட் ஆகிடாதா?”

அப்பா அவளையே பார்த்தார். “ஆகும்,” என்றார். “ஆகத்தான் செய்யும்.”

“செய்தி நேரத்துக்கு மட்டும் ரேடியோ போடலாம். மத்த நேரம் அணைச்சு வச்சிடலாம்,” என்றாள் ஆன்டெனா.

அணைத்தார்கள். சட்டென்று அமைதி.

“போட்டே இருக்கட்டுமே,” என்றாள் குருவி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. “சத்தம் இல்லாட்டி எனக்குப் பயமா இருக்கு.”

“அணைச்சாத்தான் அடுத்த செய்தி கேக்க முடியும். சத்தம்தானே வேணும்? நீ பேசு. நான் கேக்குறேன்,” என்றாள் ஆன்டெனா.

வண்டிக்குள் டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தாள். டிவிகளைச் சுற்றும் தடித்த கம்பளியை எடுத்து இருவருக்குமாகப் போர்த்திக்கொண்டாள். குருவி பேசினாள். அவள் அப்பா குறட்டை விட்டால் பூனைகூட வீட்டைவிட்டு ஓடிவிடுமாம். மீன் பிடிக்கிறவர், ஆனால் வீட்டில் மீன் முள் எடுக்கத் தெரியாதாம். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு இடையில் அழுகை வந்தது. ஆன்டெனா கம்பளியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துவிட்டாள்.

மதியச் செய்தியில் அந்தப் பெயர் வந்தது. “காலைக்காற்று. எந்திரம் பழுதாகி மிதந்த படகை இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். ஒருவருக்குக் கை முறிவு. அனைவரும் உயிருடன் உள்ளனர்.”

குருவியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். குருவி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“வாடி, வீட்டுக்குப் போலாம்,” என்றார் அவள் அம்மா.

குருவி ரெண்டு அடி வைத்தாள். நின்றாள். தனியாக நின்ற ஐஸ்கார அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டிக்குத் திரும்பி வந்து, கம்பளியை எடுத்துக்கொண்டு போய் அவர் தோளில் போட்டாள்.

“நாங்களும் இருக்கோம்க்கா,” என்றாள்.

ஐஸ்கார அக்கா கம்பளியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குருவியின் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா இன்னும் காத்திருக்கிறார் என்பது எப்படியோ கீழே தெருவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலையில் ஓடிப்போனவர்களில் சிலர், ஒருவர் பின் ஒருவராக, மறுபடி மேடு ஏறி வந்தார்கள்.

அந்தி சாயும் நேரம். அடுத்த செய்தி. அப்பா கூரைமேல் கம்பியைப் பிடித்தார். ரேடியோவில் குரல் தேய்ந்து வந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது.

“யாரும் மூச்சு விடாதீங்க!” என்று சொல்லிவிட்டு ஆன்டெனா காதை ரேடியோவில் ஒட்டவைத்தாள். குரல் கொசு ரீங்காரம் போல ஆனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதை அப்படியே உரக்கச் சொன்னாள்.

“வெண்ணிலா… கடலில் மூழ்கிவிட்டது…”

“ஐயோ, தம்பி!” என்றபடி ஐஸ்கார அக்கா முன்னால் ஓடி வந்தார். குருவியின் அம்மா தாங்கிப் பிடித்தார்.

“இருங்க, இன்னும் இருக்கு! அதில் இருந்தவர்களை… ஒரு சரக்குக் கப்பல்… காப்பாற்றியது. எல்லாரையும்! எல்லாரையும் காப்பாத்திட்டாங்கக்கா!”

அதோடு ரேடியோ நின்றுபோனது.

“நிஜமாவா? நல்லாக் கேட்டியா?” என்றார் ஐஸ்கார அக்கா.

“எல்லாரையும்னு நல்லாக் கேட்டுச்சுக்கா.”

“படகு போனாப் போகட்டும். என் தம்பி இருக்கான்,” என்று சொல்லி, அவர் அன்று முதல்முறையாக அழுதார். நெடுநேரம் அழுதார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “இந்த வண்டியை யாரோ தள்ளணும்னு சொன்னீங்களே?”

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். அம்மா கல்லை எடுத்தார். ஐஸ் உடைத்துப் பழகிய கைகளால் அக்கா ஒரு தள்ளு தள்ளினார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வண்டி உருண்டது. இருமியது. குலுங்கியது. பிறகு தடதடவென்று ஸ்டார்ட் ஆனது.

“நிறுத்தினா மறுபடி செத்துடும்!” என்று கத்திக்கொண்டே அப்பா நிற்காமல் போனார்.

அதனால் வேறு வழியில்லாமல் ஆன்டெனாவும் குருவியும், கம்பளியைப் போர்த்திய ஐஸ்கார அக்காவும், மேட்டில் இருந்த அத்தனை பேரும், அந்தப் பச்சை வேனுக்குப் பின்னாலேயே சரிவில் வீட்டை நோக்கி ஓடினார்கள்.