மாமாவின் ஆறாம் சேனல்

மாமாவின் குரலுக்கு மைக் தேவையில்லை. தான் நடத்தும் விடுதியின் கீழ்த்தளத்தில் நின்று அவர் "சாவி எங்கே?" என்று கேட்டால், இரண்டாம் மாடியில் தூங்குகிறவர்கூட எழுந்து தன் சாவியைத் தேடுவார்.

அவரை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள், அவர் தங்கையின் மகள். எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீ கேம் ஆடுறதாலதான் நெட் படுத்துக்குது. போனைக் கொடு!"

"கொடுக்க மாட்டேன். நான் கேமே ஆடல. செய்யாத தப்புக்கு எதுக்கு மாமா போனைத் தரணும்?"

வாலுவின் அப்பா கப்பலில் சமையல்காரர். கப்பல் துறைமுகத்தில் நின்றால்தான் வீடியோவில் பேச முடியும். நேற்று "கண்ணு, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது. இன்று சாயங்காலம் மறுபடி கூப்பிடுவார். அதோடு கப்பல் கிளம்பிவிடும். போனை விட்டுக்கொடுக்க வாலுவுக்கு என்ன பைத்தியமா?

"அப்போ சிக்னல் பத்தலையா? மூணு பெட்டிக்கும் பவரை ஃபுல்லா வெச்சுட்டேனே!"

தளத்துக்கு ஒன்றாக மூன்று வைஃபை பெட்டிகள். மூன்றிலும் சேனல், அதாவது அலைவரிசை எண், ஆறு. மாமாவுக்கு ராசியான எண் ஆறு. சட்டைக்குக்கூட ஆறு பட்டன்தான் வைத்துத் தைக்கச் சொல்வார்.

"அதுதான் தப்பு. காலையில முதல் மாடியில மட்டும் கரண்ட் போச்சே, அப்போ ரெண்டாம் மாடியில எங்க ரூம்ல நெட் பறந்துச்சு. மூணும் ஒரே சேனல்ல கத்துது மாமா. ஆளுக்கொரு சேனல் கொடுங்க. பவரைக் குறைங்க."

"குறைச்சா எப்படிக் கூடும்? யாருக்குக் காது குத்துற?"

எந்த போன் எந்தப் பெட்டியோடு பேசுகிறது என்ற பட்டியலை வாலு மாமாவின் கம்ப்யூட்டரில் காட்டினாள். "பாருங்க, இந்த ரூம்லயே உங்க தலைக்கு மேல ஒரு பெட்டி இருக்கு. ஆனா என் போன் இன்னும் மேல்மாடிப் பெட்டியையே பிடிச்சுத் தொங்குது. அது கத்துறது போனுக்குக் கேக்குது. போன் சின்னது. அது பேசுறது அந்தப் பெட்டிக்குக் கேக்கல."

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்!" மாமா போட்ட சத்தத்தில் மேசை மீதிருந்த பேனா உருண்டது.

வாலு நகரவில்லை. "இதோ, இப்படித்தான். நீங்க கத்துறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் சொல்றதுதான் உங்களுக்குக் கேக்கல."

ஓரமாக நின்ற வாலுவின் அம்மா, மடித்துக்கொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். மாமா நாற்காலியை வாலுவின் பக்கம் தள்ளினார்.

"சரி வரலேன்னா போன் எனக்கு."

"சரி வந்தா, இனிமே என் மேல பழி போடக் கூடாது."

மேலே பதினொன்று, நடுவில் ஒன்று என்று வாலு மாற்றினாள். பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ் சொல்லியிருந்தார், இந்த எண்கள் ஆறோடு முட்டிக்கொள்ளாது. "ஆறு உங்க கீழ்த்தளப் பெட்டிக்கே இருக்கட்டும் மாமா" என்றாள். மூன்றிலும் பவரைக் குறைத்தாள்.

அறைக்கு ஓடினாள். மாமா மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்து போனை எட்டிப் பார்த்தார். "போச்சு! சிக்னல்ல ஒரு கோடு குறைஞ்சிருச்சு!"

அப்போது போன் மணி அடித்தது.

அப்பா! மீசையில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது. "கண்ணு, நேத்து சொல்ல வந்தேன். அடுத்த மாசம் வீட்டுக்கு வர்றேன்!"

வாலு கட்டிலில் ஏறிக் குதித்தாள். மாமாவும் "மாப்ளே!" என்று கத்தப் போனார். சட்டென்று வாலுவைப் பார்த்தார். குரலை இறக்கி, "மாப்ளே... நல்லா இருக்கீங்களா?" என்றார்.

அப்பா தன் போனைத் தட்டினார். "என்ன மச்சான், சத்தமே வரல? மறுபடியும் நெட் போச்சா?"

"இல்லப்பா" என்றாள் வாலு. "மாமா பவரைக் குறைச்சிருக்காரு."